திருப்பி வாங்கிய பிள்ளை

அன்றைக்கு வந்திருந்தவர்கள்: எங்கள் மிஷனின் செயலாளர் ஐயா, அவர் மனைவி, அலுவலகத்தார் நான்கைந்து பேர், ஒரு போட்டோக்காரர், மூன்று வருட முழுநேர ஊழியத்தை முடித்துவிட்டு வரிசையாக உட்கார்ந்திருந்த நாங்கள் பதினொரு பேர், எங்களைக் கூட்டிப்போக வந்த வீட்டார். என் வீட்டிலிருந்து அப்பாவும் அக்காவும். வராதவள் அம்மா.

தஞ்சாவூரில் வாடகைக்கு எடுத்த கல்யாண மண்டபம். வைகாசி வெயில். எட்டு ஃபேன் சுற்றியும் காற்று கீழே இறங்கவில்லை. அக்காவிடம் கேட்டேன், "அம்மா எங்கக்கா?"

"நூறு நாள் வேலைக்கு மஸ்டர்ல பேரு வந்துருக்காம். வாய்க்கால் வெட்டப் போயிருக்கு."

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை."

அக்கா பிள்ளையை ஒரு இடுப்பிலிருந்து இன்னொரு இடுப்புக்கு மாற்றினாள். "அது சொல்லச் சொன்னதைச் சொல்லிட்டேன். என்னை ஏன் கேக்குற?"

ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி மேடைக்கு அழைத்தார்கள். தாயும் தகப்பனும் இரண்டு பக்கமும் நிற்க, ஊழியருக்குச் சால்வையும் சுவர்க்கடிகாரமும். என் முறை வந்தபோது அப்பா மட்டும் ஏறிவந்தார். புது வேட்டி. பெட்டியிலிருந்த மடிப்பு நாலு கட்டமாக அப்படியே தெரிந்தது. போட்டோக்காரர் கேமராவை இறக்கிவிட்டு, "அம்மா வரலைங்களா? ஒரு பக்கம் காலியாத் தெரியுது. ஐயா, கொஞ்சம் ஒட்டி நில்லுங்க" என்றார். அப்பா ஒட்டி நின்றார். வியர்வையும் நெல் தூசியும் கலந்த வாசனை. எத்தனை சோப்பு போட்டாலும் அவரை விட்டுப் போகாதது. அரசாங்க நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர் அவர்.

செயலாளர் ஐயா மைக்கில் பேசினார். இவர்கள் ஊழியத்தை முடிக்கவில்லை, இனிமேல்தான் தொடங்குகிறார்கள் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று வருடம் என்று சொன்னீர்கள். மூன்று வருடம் சீர்காழிக்குக் கிழக்கே, கடற்கரையை ஒட்டிய ஊர்களில், உங்கள் சைக்கிளை மிதித்தேன். புயல் வந்த வருடம் பள்ளிக்கூடக் கட்டடத்தில் படுத்தேன். மாதம் தவறாமல் அறிக்கை அனுப்பினேன். முடிந்தது. முடிந்ததை முடிந்தது என்று ஒரு மனிதர் வாயால் சொன்னால் என்ன?

டீ குடிக்கிற இடத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கையில் ஒரு படிவம். இன்னொரு மூன்று வருடத்துக்கு.

"நான் பி.எட். சேரலாம்னு இருக்கேன் ஐயா. கணக்கு வாத்தியாரா..."

"நல்லதுதான் தம்பி. வாத்தியார் ஆயிரம் பேர் கிடைப்பான். நீங்க பொருத்தனைப் பிள்ளை. நீங்களே எழுதியிருக்கீங்க. நம்ம பத்திரிகையில உங்க போட்டோவோட போட்டோமே, மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. சேரும்போது சாட்சி, அதாவது ஆண்டவர் என் வாழ்க்கையில் செய்ததை, எழுதித் தரச் சொன்னார்கள். இருபத்தொரு வயதில் என்னிடம் எழுத வேறு என்ன இருந்தது? என் அம்மாவின் கதையை எழுதிக் கொடுத்தேன். அதை வைத்தே என்னைக் கட்டப் பார்க்கிறார் என்று தெரிந்ததும் டீ கிளாஸைப் பாதியில் வைத்தேன். படிவத்தை வாங்கவில்லை. "ஜெபத்தோட யோசிங்க" என்றார். ஜெபித்துவிட்டுத்தான் யோசித்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். வணக்கம் வைத்துவிட்டு வந்தேன். நல்ல பையனாக வளர்க்கப்பட்டவர்களுக்குச் சரியான நேரத்தில் கோபம் வராது. பஸ்ஸில் ஏறிய பிறகு வரும்.

அக்கா பிள்ளையோடு தன் புருஷன் ஊருக்கு வேறு பஸ் ஏறினாள். மன்னார்குடி பஸ்ஸில் அப்பா கடிகாரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாட்டரி போடாமலே கொடுத்திருந்தார்கள்.

"அம்மா ஏன் வரலப்பா?"

"கட்டிக்குடுத்த வீட்டுக்குப் போயி, பொண்ண திருப்பி அனுப்புங்கன்னு எந்தத் தாயாவது நிப்பாளாங்குறா. எனக்கு என்ன தெரியும்? நான் குடுக்கவும் இல்ல, வாங்கவும் இல்ல."

பொருத்தனை என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மற்றவர்கள் வேண்டுதல் என்பார்களே, அதுதான். எனக்கு நாலு வயதில் காய்ச்சல் தலைக்கேறி, திருத்துறைப்பூண்டியிலிருந்து தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். வராண்டாவில் பாய் விரித்து ஆறு நாள். ஆறாவது நாள் அம்மா, இவன் பிழைத்தால் இவன் எனக்கு வேண்டாம், உமக்கே ஊழியக்காரனாகக் கொடுத்துவிடுகிறேன் என்று ஆண்டவரிடம் சொன்னாள். ஏழாவது நாள் நான் இட்லி கேட்டேன். இட்லி வாங்கக் காசில்லாமல் பக்கத்துப் பாய்க்காரி கொடுத்தாள் என்பதுவரை அம்மா சொல்வாள். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் இந்தக் கதைதான் எனக்குச் சட்டை.

எங்கள் வீட்டில் காகிதம் படிக்கிறவன் நான் ஒருவன்தான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும். அம்மா கைநாட்டு. அக்காவை எட்டாவதோடு நடவுக்கு அனுப்பிவிட்டார்கள், நான் படிக்கவேண்டும் என்று; எழுத்துக் கூட்டுவதற்குமேல் அவளுக்கு வராது. ரேஷன் கடைக் காகிதம், பயிர்க்காப்பீடு, கரண்ட் பில், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் நான்தான் உரக்கப் படிப்பேன்; மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். கணிதத்தில் டிகிரி முடித்த கையோடு மிஷன் ஒப்பந்தம் வந்தபோதும் அப்படித்தான் படித்தேன். பெற்றோர் சம்மதம் என்கிற இடத்தில் அம்மாவின் பெருவிரல் வேண்டும். ஊழியத்தின் காலம் மூன்று ஆண்டுகள் என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியைத் தாண்டி அடுத்த வரிக்குப் போனேன்.

ஏன் என்று கேட்டால், அவள் முகம். பதினேழு வருடம் சுமந்த ஒன்றை இறக்கிவைக்கிற முகமாக இருந்தது. மூன்று வருடம் கழித்துத் திரும்பிவிடுவேன் என்று அந்த முகத்திடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. படித்தவன் படிக்காதவர்களுக்குச் செய்கிற மோசங்களில் இது மிகச் சிறியது என்று அன்று நினைத்தேன். இன்று அப்படி நினைக்கவில்லை.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். அம்மா வாசலில் பசுவுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். மண்வெட்டி சுவரில் மாட்டியபடியே இருந்தது, மண் படாமல். என்னைப் பார்த்தாள். முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"வாங்க தம்பி. கை கால் கழுவுங்க. சாப்பாடு போடுறேன்."

முதலில் கேலி என்று நினைத்தேன். ஊழியத்தில் இருந்த மூன்று வருடமும், எப்போதாவது வீட்டுக்கு வரும்போது என்னை வாங்க, போங்க என்றுதான் சொல்வாள். அது ஊழியக்காரனுக்கு. சபைப் பெண்கள் எதிரில் சொல்லும்போது அவளுக்கு அதில் ஒரு பெருமை இருந்தது, நானும் விட்டுவிட்டேன். இப்போது வீட்டுக்குள் எங்களைத் தவிர யாரும் இல்லை.

சோற்றை விளிம்பு வைத்த பெரிய சில்வர் தட்டில் போட்டாள். அது பாஸ்டர் தட்டு. சபை பாஸ்டர் வீட்டுக்கு ஜெபிக்க வந்தால் மட்டும் பரணிலிருந்து இறங்கும். நான் சாப்பிட்டு முடிக்கிறவரை அவள் உட்காரவில்லை.

"அம்மா, நான் முடிச்சுட்டு வந்துட்டேன்."

"தெரியும்ங்க."

"இனிமே இங்கதான்."

"ரசம் ஊத்தட்டுமாங்க?"

இப்படியே ஒரு மாதம். என் பழைய தட்டைக் கேட்டால், அக்கா பிள்ளை எடுத்துக்கொண்டது என்பாள். ஒரு வேலை சொல்ல மாட்டாள். ஒருநாள் சாணி அள்ளக் கூடையை எடுத்தேன். பதறி வந்து பிடுங்கினாள். ஒரு வசவு இல்லை. என் வயதுப் பையன்கள் அம்மாவிடம் ஒருநாளில் வாங்குகிற வசவில் கால்வாசி கிடைத்திருந்தாலும் தரையில் விழுந்து கும்பிட்டிருப்பேன்.

அவள் பக்கமும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் மறுபடியும் வரி தாண்டியவன் ஆவேன். அவள் அப்பா காலம்வரை பண்ணையில் வேலை செய்தவர்கள் நாங்கள். பண்ணை வீட்டார் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள், வீடு பூட்டிக்கிடக்கிறது, நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். ஆனாலும் அந்தத் தெருவில் அம்மாவை இன்றைக்கும் "ஏய், இங்க வா" என்று கூப்பிடுகிற வாய்கள் இரண்டு மூன்று உண்டு. நான் ஊழியத்துக்குப் போன பிறகுதான் அவளை "ஊழியக்காரர் அம்மா" என்றார்கள், எங்கள் தெருவிலாவது. ஒரு மனுஷி ஐம்பது வயதில் முதன்முதலாகச் சம்பாதித்த பெயர் அது. நான் அதையும் சேர்த்துத்தான் முடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆனியில் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. குறுவை நடவு ஆரம்பித்து, அப்பாவும் அம்மாவும் விடிவதற்குள் போய்விடுவார்கள். நான் பி.எட். விண்ணப்பத்தை நிரப்பினேன். கட்டணத்துக்கு வழி அப்பா சொன்னதுதான்: பசுவையும் கன்றையும் விற்பது. "உனக்குன்னுதான் கட்டியிருக்கு. பாலைக் குடிச்சாலும் நீதான், வித்துத் தின்னாலும் நீதான்." அம்மா எழுந்து பசுவுக்கு வைக்கோல் போடப் போனாள்.

ஆடியில் எனக்குக் காய்ச்சல் வந்தது.

வெறும் காய்ச்சல். தெருவில் பாதிப்பேருக்கு இருந்தது. தண்ணீர் வந்தால் கொசு வரும், கொசு வந்தால் காய்ச்சல் வரும். மாத்திரை போட்டால் மூன்று நாளில் போய்விடும். ஆனால் அம்மா நடவை விட்டுவிட்டு வந்து என் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். உடம்பெல்லாம் சேறு. கையைக் கழுவிவிட்டு நெற்றியில் வைத்தாள். நான் தூங்குவதாக நினைத்துக்கொண்டு, "எடுத்துக்காதேயும், எடுத்துக்காதேயும்" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் ஊழியத்தை விட்டதற்காக அவள் கோபித்துக்கொண்டிருக்கிறாள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவள் பயந்துகொண்டிருந்தாள். கொடுத்ததைத் திருப்பி எடுத்த வீட்டில் அந்தப் பொருள் தங்காது என்று பயந்தாள். வாங்க போங்க என்று சொன்னதும், பாஸ்டர் தட்டில் போட்டதும் என்னைத் தள்ளிவைக்க இல்லை. இவன் இன்னும் உம்முடையவன்தான், நான் எடுத்துக்கொள்ளவில்லை என்று மேலேயிருந்து பார்க்கிறவருக்குக் காட்ட.

நாலாவது நாள் நான் எழுந்து உட்கார்ந்தேன். அம்மா அதற்குள் பாஸ்டரிடம் போய்விட்டு வந்திருந்தாள். மறுநாள் காலையில் அவர் வந்தார்.

பாஸ்டர் கெட்டவர் அல்ல. எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர். பன்னிரண்டாவது பரீட்சைக்குத் தன் சொந்தக் காசில் கால்குலேட்டர் வாங்கிக்கொடுத்தவர். கோபப்படுவதற்கு நல்லவர்களைப் போல இடைஞ்சல் வேறு இல்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினார்.

"அம்மா மனசு சமாதானமா இல்ல தம்பி. வேதத்துல இதுக்கு ஒரு வழி இருக்கு. ஆளைப் பொருத்தனை பண்ணிட்டு, அப்புறம் மீட்டுக்கணும்னா மதிப்புப் போட்டு அதைக் கட்டலாம். இருபது வயசுலேருந்து அறுபது வயசுவரைக்கும் ஆம்பளைக்கு அம்பது வெள்ளி."

"வெள்ளின்னா?" என்றார் அப்பா. மூட்டை தூக்குகிற துண்டைத் தலையில் கட்டி வேலைக்குக் கிளம்பியவர், வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"அந்தக் காலத்து எடை. ஒண்ணு பதினோரு கிராம் சொச்சம்." பாஸ்டர் ஃபோனை எடுத்து அன்றைய வெள்ளி விலையைத் தேடினார். அவர் கண்டுபிடிப்பதற்குள் என் தலைக்குள் பெருக்கல் ஓடிக்கொண்டிருந்தது. கிட்டத்தட்ட ஐந்நூற்று எழுபது கிராம். படித்த கணக்கு எதற்கெல்லாம் உதவுகிறது பாருங்கள். ஐம்பதாயிரத்துக்கு மேல் வரும் என்றார் பாஸ்டர்.

அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். "எடை போட்டே எடுங்கய்யா. இப்பக் காய்ச்சல்ல கிடந்து அம்பத்தஞ்சு கிலோதான் இருப்பான். எங்க நெல் ஸ்டேஷன்ல மாதிரி ஈரப்பதமும் பாத்துக் கழிச்சீங்கன்னா எங்களுக்கு லாபம்."

"சும்மா இருங்க" என்றாள் அம்மா.

"என்னா சும்மா இருங்க? இந்த விலைக்கு நல்ல கறவை மாடு வாங்கலாம். மாடாவது பால் குடுக்கும். இவன் படிச்சுட்டு வந்து நமக்கு கரண்டு பில் படிச்சுக் காட்டுவான்."

பாஸ்டர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, அவ்வளவு முடியாதவர்களுக்கு, அந்தக் காலத்துக் குருவான ஆசாரியன் பார்த்து, அவரவர் சக்திக்குத் தக்கபடி மதிப்புப் போடலாம் என்றும் வேதத்திலேயே இருக்கிறது என்றார். சொல்லிவிட்டு அவர் பார்த்தார். நான் அந்தப் பார்வையை மறக்கமாட்டேன். தகரம் போட்ட கூரையைப் பார்த்தார். சுவரில் பாட்டரி இல்லாமல் நிற்கிற மிஷன் கடிகாரத்தைப் பார்த்தார். அம்மாவின் காதைப் பார்த்தார். கொல்லையில் கட்டியிருந்த பசுவையும் அதன் கன்றையும் கொஞ்ச நேரம் பார்த்தார். அதற்குப் பிறகு ஒரு தொகை சொன்னார்.

எனக்குக் காய்ச்சல் மிச்சம் கொஞ்சம், கோபம் மிச்சம் நிறைய.

"என்னை விலை பேசுறீங்களா ஐயா? நான் அவங்க கேட்ட மூணு வருஷத்தையும் குடுத்துட்டேன். ஒருநாள் குறைச்சுக் குடுக்கல. இன்னும் யாருக்கு என்ன கட்டணும்? இந்தக் காசு எங்க போகும்? ஆண்டவர் வந்து வாங்கிக்குவாரா?"

"சபைக் கூரைக்குப் போகும் தம்பி. நீங்களும் அந்தக் கூரைக்குக் கீழேதான் உட்காருவீங்க." அவருக்குக் கோபம் வரவில்லை. "நான் கேக்கல. உங்கம்மா கேட்டாங்க, வழி இருக்கான்னு. இல்லன்னு சொல்லவா? சொன்னா அவங்க தூங்குவாங்களா?"

"அவங்க கேட்டா? ஒரு படிக்காத பொம்பளை பயத்துல கேட்டா, நீங்க..."

அத்தோடு என் வாய் நின்றது. யாரும் தடுக்கவில்லை. எனக்கே ஒரு முகம் எதிரில் வந்து நின்றது.

சீர்காழிப் பக்கம் என் பணித்தளத்தில் பொருத்தனை அட்டை என்று ஒன்று உண்டு. ரோஸ் நிறம். யாருக்காவது ஒரு வேண்டுதல் இருந்தால், அது நடந்தால் ஆண்டவருக்கு என்ன கொடுப்பார்கள் என்று அதில் எழுதி வாங்கவேண்டும். அந்த மாதம் எத்தனை அட்டை என்று அறிக்கையில் ஒரு கட்டம். எழுதத் தெரியாதவர்களுக்கு நானே எழுதுவேன், நானே படித்துக் காட்டுவேன், அவர்கள் விரல் வைப்பார்கள். கருவாடு விற்கிற ஒரு அம்மா, தன் புருஷன் குடியை விட்டால் மூக்குத்தியைக் கொடுப்பதாகச் சொன்னாள். அவன் நாற்பது நாள் குடிக்கவில்லை. அவள் மூக்குத்தியைக் கழற்றி ஒரு துணியில் முடிந்து கொண்டுவந்து கொடுத்தாள். அலுவலகத்துக்கு அனுப்பினேன். ஐம்பதாவது நாள் அவன் குடித்துவிட்டுப் பாலத்தடியில் கிடந்தான். கொஞ்ச நாள் கழித்து அந்த அம்மா என் சைக்கிளை நிறுத்தி, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டாள்: "தம்பி, அந்த மூக்குத்தியைத் திருப்பிக் கேக்கலாமா? தப்பா?"

நான் சைக்கிளிலிருந்து இறங்கக்கூட இல்லை. "கொடுத்தது கொடுத்ததுதாம்மா" என்றேன்.

இருபத்திரண்டு வயதுப் பையன், பெற்றவள் வயதுப் பெண்ணிடம் சைக்கிள் சீட்டில் உட்கார்ந்தபடியே சொன்னான். அந்த மாத அறிக்கையில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. செயலாளர் ஐயா பாராட்டிக் கடிதம் எழுதினார். இப்போது என் வீட்டு வாசலில் நின்றுகொண்டு பாஸ்டரை என்ன கேட்பது? என்ன வாயால் கேட்பது?

பாஸ்டர் போன பிறகு அம்மாவிடம் சொன்னேன். வேறு எதுவும் மிச்சமில்லாததால் உண்மையைச் சொன்னேன்.

"அம்மா, அந்த ஒப்பந்தத்துல மூணு வருஷம்னுதான் போட்டிருந்துச்சு. நான் உனக்குப் படிச்சுக் காட்டும்போது அந்த வரியை விட்டுட்டேன். நீ விரல் வச்சது மூணு வருஷத்துக்குத்தான். முடிஞ்சுபோச்சு. யாருக்கும் நீ எதுவும் கட்ட வேண்டியதில்ல."

அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"நீங்க ஒரு வரி விட்டது எனக்கு அப்பவே தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"நீங்க படிக்கும்போது நான் எழுத்தையா பாப்பேன்? விரலைத்தான் பாப்பேன். ஒவ்வொரு வரிக்கும் விரல் நகரும், வாயும் நகரும். அன்னைக்கு அந்த எடத்துல விரல் மட்டும் நகர்ந்துச்சு. வாய் நகரல." ஒரு கல்லை எடுத்து வெளியே போட்டாள். "என்னவோ என் மனசு நோகுற சங்கதின்னு நெனச்சுக்கிட்டேன். புள்ள மறைக்கிறான், மறைக்கட்டும்னு விட்டேன்."

"அப்பறம் என்னம்மா? கேட்டிருக்கலாம்ல?"

"நீங்க கையெழுத்துப் போட்டது அவங்க காயிதத்துல. மூணு வருஷமோ முப்பது வருஷமோ, அது உங்களுக்கும் அவங்களுக்கும். நான் ஆஸ்பத்திரி வராண்டாவுல சொன்னது அவங்ககிட்ட இல்ல. அதுல வருஷம் ஒண்ணும் கிடையாது."

பசுவைக் கொடுத்தால் பி.எட். இந்த வருடம் இல்லை. அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். நான் வேண்டாம் என்றேன். இரண்டு நாள் வேண்டாம் என்றேன். காலையில் ஒருமுறை சாயங்காலம் ஒருமுறை வேண்டாம் என்றேன். சோறு வேண்டாம் என்றும் ஒருவேளை சொல்லிப் பார்த்தேன். அம்மாவும் அந்த வேளை சாப்பிடவில்லை. சேற்றில் நாள் முழுக்கக் குனிந்து நட்டுவிட்டு வந்தவள். நான்தான் முதலில் சாப்பிட்டேன். அவள் என்னோடு சண்டை போடவே இல்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்: "இன்னொரு காய்ச்சல் வந்தா நான் என்ன செய்யட்டும்? சொல்லுங்க. நீங்க படிச்சவங்க."

மாத்திரை என்று சொல்லலாம். அது அவள் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை.

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து தரகர் வந்தார். பசுவின் பல்லைப் பார்த்தார், மடியைப் பார்த்தார், வாலைத் தூக்கிப் பார்த்தார். பாஸ்டர் பார்த்ததைவிடக் குறைந்த நேரம்தான் பார்த்தார். கன்று பின்னாலேயே ஓடியது. அப்பா அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை, தரகர் போன பிறகு கட்டுத்தறியைப் பிடுங்கி மூலையில் போட்டுவிட்டு, "நெல்லுக்கு விலை சொல்றானுங்க, மாட்டுக்கு விலை சொல்றானுங்க, சரி. புள்ளைக்கும் சொல்றானுங்க. இனிமே என்னத்துக்குச் சொல்லுவானுங்களோ" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவருமே. பசு விற்ற பணம் போதவில்லை. அம்மா ஒரு காலை திருத்துறைப்பூண்டி போய்விட்டு வந்தாள்; காதில் வேப்பங்குச்சி இருந்தது.

ஆவணியில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும், அம்மா முந்தானையில் முடிந்துவைத்திருந்த பணத்தைப் பாஸ்டரிடம் கொடுத்தாள். அவர் என்னை முழங்கால் போடச் சொன்னார். தலையில் கைவைத்து ஜெபித்தார். அம்மா என் வலப்பக்கம் நின்றாள், தஞ்சாவூர் போட்டோவில் காலியாக இருந்த பக்கம். நான் ஆமென் சொன்னேனா என்று ஞாபகம் இல்லை. அந்த நேரத்தில் எனக்குள் பக்தி என்று எதுவும் இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பாஸ்டர் ரசீதுப் புத்தகத்தை எடுத்து, கார்பன் வைத்து எழுதிக் கிழித்துக் கொடுத்தார்.

நான் இன்றும் சபைக்குப் போகிறேன். புதுக் கூரைக்குக் கீழே உட்காருகிறேன். மன்னார்குடியில் ஒரு டியூஷன் சென்டரில் கணக்குச் சொல்லித் தருகிறேன், பி.எட். அடுத்த வருடம் என்று இந்த வருடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மூக்குத்தியைப் பற்றி மிஷனுக்கு இரண்டு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. சீர்காழிக்கு பஸ் இருக்கிறது. அந்த அம்மா வீடு எனக்குத் தெரியும். இன்னும் போகவில்லை. எல்லோர்மேலும் இருக்கிற கோபத்தைவிட எனக்கு என்மேல் இருக்கிற கோபம் எந்த அளவிலும் குறைந்ததில்லை.

அன்றைக்குச் சபையிலிருந்து நடந்து வீட்டுக்கு வந்தோம். வாய்க்கால் நிறையத் தண்ணீர். அறுப்புக்கு நெருங்கிய குறுவை இருபக்கமும் சாய்ந்திருந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா பாஸ்டர் தட்டைக் கழுவித் துடைத்துப் பரணில் வைத்தாள். ஓரம் நெளிந்த என் பழைய தட்டு எங்கிருந்தோ வந்தது. சோற்றைப் போட்டுவிட்டு என் எதிரிலேயே தரையில் உட்கார்ந்தாள்.

"டேய், தின்னுட்டு அந்தச் சீட்டைப் படி. என்ன எழுதியிருக்காருன்னு பாப்பம்."

சாப்பிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு ரசீதைப் பிரித்தேன். அப்பா வந்து உட்கார்ந்தார். அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை, விரலைப் பார்த்தாள். நான் ஒரு வரி விடவில்லை. சபையின் பெயர், ஊர், தேதி, கொடுத்தவர், எதற்காக என்ற இடத்தில் மகன் மீட்பு, எல்லாவற்றையும் விரல் வைத்து, வாய் விட்டுப் படித்தேன். கடைசி வரி எழுத்தால்: ரூபாய் முப்பத்தோராயிரம் மட்டும்.